ஜாவா வெப் ஃபார்மில் டிக்கை எடுத்துவிட்ட செக்பாக்ஸ் என்ன ஆகிறது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கம்பமெட்டு:
ஏலத்தோட்ட வருகைப் பதிவு. கைமாறி வந்த பழைய ஜேஎஸ்பி, சர்வ்லெட் (ஜாவாவில் பக்கத்தை உருவாக்குவதும், அனுப்பிய ஃபார்மை வாங்குவதும்). வரிசைக்கு ஒரு ஹிடன் ஃபீல்டில் (திரையில் தெரியாமல் ஃபார்மோடு போவது) ஆள் எண், பக்கத்தில் "வந்தார்" செக்பாக்ஸ், ஒரே பெயரில் வந்த வேல்யூ எல்லாவற்றையும் தரும் கெட்பாராமீட்டர்வேல்யூஸ் கொடுக்கும் இரண்டு அர்ரேயையும் (பட்டியல்) இண்டெக்ஸ் (வரிசை எண்) வைத்து ஜோடி சேர்த்திருந்தார்கள். டிக் இல்லாத பெட்டியை பிரவுசர் அனுப்பாதே, அதனால் நடுவில் யார் லீவு போட்டாலும் அவருக்குப் பின்னால் உள்ள டிக் எல்லாம் ஒரு இடம் மேலே நகரும், அந்த நாள் கூலியை இழந்தது பட்டியலில் கடைசியாக இருந்த அக்கா. சம்பள நாளில் அவர் ஒரு சின்ன நோட்டை விரித்து, "வந்த நாளெல்லாம் இதுல இருக்கு தம்பி, பாருங்க" என்றார். தேதி தேதியாகப் பேனாவில் டிக். இப்போது செக்பாக்ஸின் வேல்யூவே ஆள் எண்தான், வந்தவர் எண் மட்டும் வரும், இன்னொரு அர்ரேயே வேண்டாம்.

புளியரை:
எங்களுடையது ஸ்பிரிங் (ஜாவா ஃபிரேம்வொர்க்). மருந்து நேர எஸ்எம்எஸ் வேண்டாம் என்று டிக்கை எடுத்து சேமித்தாலும் திரும்பவும் போகும். ஆரியங்காவிலிருந்து ஒரு அம்மா போனில் அழுதார், அவர் வீட்டுக்காரர் தவறிய பிறகும் "மாத்திரை போட்டீர்களா" என்று தினம் வருகிறதாம். ஸ்பிரிங்கின் ஃபார்ம் டேக் போடாமல் வெறும் ஹெச்டிஎம்எல் இன்புட் போட்டிருந்தார்கள், அதனால் "இங்கே ஒரு பெட்டி இருந்தது" என்று சர்வருக்குச் சொல்லும், பெயருக்கு முன் அண்டர்ஸ்கோர் வைத்த ஹிடன் ஃபீல்டு இல்லை, டேட்டாபேசிலிருந்து எடுத்த ஆப்ஜெக்ட்டில் பழைய ட்ரூ அப்படியே நின்றுவிட்டது.

நகரி:
இதற்கா இவ்வளவு? அதே பெயரில் ஃபால்ஸ் என்று ஒரு ஹிடன் ஃபீல்டு, செக்பாக்ஸுக்கு முன்னால் வையுங்கள். முடிந்தது.

வாளையார்:
நகரி, அதைத்தான் செய்யக்கூடாது. ஒரே பெயரில் பல வந்தால் சர்வ்லெட்டின் கெட்பாராமீட்டர் முதல் வேல்யூவைத்தான் தரும், நீங்கள் சொல்கிறபடி வைத்தால் டிக் போட்டாலும் ஃபால்ஸ்தான். எங்கள் ஆபீஸில் இப்படி ஒன்றைப் பார்த்தேன், யார் சம்மதம் கொடுத்தாலும் பதிவாகவில்லை. அப்புறம் எல்லோரும் கவனியுங்கள்: வேல்யூ எழுதாவிட்டால் வருவது "ஆன்" என்ற சொல், அதை ட்ரூவோடு ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. ஒற்றைப் பெட்டி என்றால் வந்தது நல் (null, ஒன்றுமே வரவில்லை) தானா என்று மட்டும் பாருங்கள். பல பெட்டி என்றால், ஒன்றிலும் டிக் இல்லாதபோது அர்ரேயே நல், லூப்புக்கு முன் சோதியுங்கள். டிசேபிள் செய்த பெட்டியில் டிக் இருந்தாலும் வராது. ஸ்ட்ரட்ஸ் 1 (பழைய ஜாவா ஃபிரேம்வொர்க்) இன்னும் ஓடுகிற இடத்தில், ஃபார்ம் ஆப்ஜெக்ட் செஷனில் (அடுத்தடுத்த பக்கங்களுக்கும் அழியாமல் நிற்கும் இடம்) இருந்தால் ரீசெட் மெத்தடில் ஃபால்ஸ் போட்டே ஆகவேண்டும்.

நகரி:
பிஹெச்பி மொழியில் ஒரே பெயரில் பல வந்தால் கடைசி வேல்யூதான் நிற்கும், அங்கே வருஷக்கணக்காக ஓடுகிறது. சர்வ்லெட்டிலும் கெட்பாராமீட்டர்வேல்யூஸ் வாங்கிக் கடைசியைப் பாருங்கள், ஓடும்.