33ஆம் பிரிவைக் கையிலெடுத்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாதா?

எட்மன்ரன் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். 2025 ஒக்டோபரில் இங்கே அல்பேர்ட்டாவில் ஆசிரியர்கள் ஸ்ட்ரைக் செய்த மூன்று கிழமையும் எங்கள் வீடு பட்ட பாடு சொல்லி மாளாது. மனைவிக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு நாளுக்கு 30 டொலர் என்று அரசு கொடுத்த காசையும் வாங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது. 28ஆம் திகதி விடியப்புறம், உரிமைகளைத் தாண்டிச் சட்டம் போட அரசுக்கு இடம் கொடுக்கிற 33ஆம் பிரிவை வைத்து, ஸ்ட்ரைக்கை முடிக்கும் சட்டம் நிறைவேறிவிட்டது என்று கேள்விப்பட்டபோது முதலில் வந்தது நிம்மதிதான்.

பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். 51,000 ஆசிரியர்கள். கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பேர் வேண்டாம் என்று வாக்களித்த அதே ஒப்பந்தத்தை, நாலு வருடத்துக்கு 12 வீதச் சம்பள உயர்வு என்பதை, 2028 ஓகஸ்ட் வரை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். மீறினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 500 டொலர் வரை, சங்கத்துக்கு 5 இலட்சம் வரை தண்டம். அவர்கள் கேட்டது சம்பளம் மட்டுமில்லை, ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகளுக்கு மேல் போடக்கூடாது என்ற வரம்பும்தான். என் மகள் நாலாம் வகுப்பு. அந்த அறையில் 34 பேர். இங்கிலிஷ் இன்னும் சரியாக வராத பிள்ளைகளும் அதற்குள்ளேதான்.

உரிமைகள் சாசனம் இருக்கிற நாட்டில் இது எப்படிச் சட்டமாகும்? ஒன்ராறியோவில் முதல்வர் டக் ஃபோர்ட் இதையே செய்துவிட்டுப் பின்வாங்கினாரே, அது ஏன் இங்கே நடக்கவில்லை?

வான்கூவர் நிலா:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன் அண்ணா. 33ஆம் பிரிவு சாசனத்துக்கு வெளியே இருந்து வந்த ஓட்டை இல்லை, சாசனத்துக்குள்ளேயே எழுதி வைத்தது. 1981 நவம்பரில் அரசியலமைப்பு பற்றிய ஒட்டாவா மாநாட்டில் பேச்சு முறியப்போகிற நேரம், ஜான் கிரெட்சியன், ரோய் ரோமனோ, ரோய் மக்மர்ட்ரி என்ற சட்ட அமைச்சர்கள் மூவரும் ஒரு குசினிக்குள் நின்று பேசி முடித்த சமரசத்தில் இதுவும் ஒன்று. இது வேண்டும் என்று நின்ற முதல்வர்களில் உங்கள் மாகாணத்து பீட்டர் லோஹீட் முக்கியமானவர்.

இதைப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தால், சாசனத்தின் 2ஆம் பிரிவையும் 7 முதல் 15 வரையான பிரிவுகளையும் காட்டி அந்தச் சட்டத்தை விழுத்துவது மிகக் கடினம். ஐந்து வருடத்துக்குச் செல்லும், பிறகு திரும்பவும் நிறைவேற்ற வேண்டும். வாக்களிக்கும் உரிமை, மொழி உரிமை போன்றவற்றை இதால் தொட முடியாது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை, சங்கம் சேரும் சுதந்திரத்தைச் சொல்கிற 2ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சஸ்காச்சுவான் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பைத் தாண்டத்தான் 33. ஆசிரியர் சங்கம் வழக்குப் போட்டிருக்கிறது. ஆனால் கோர்ட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

மிசிசாகா ராஜன்:

வருடத்துக்கு இரண்டு மாதம் லீவு, பென்ஷன், அதற்கு மேல் ஸ்ட்ரைக். ஃபாக்டரியில் நிற்கிறவனுக்கு யார் வகுப்பறை வரம்பு கொடுக்கிறார்கள்? இன்னொன்று, கன்சர்வேற்றிவ் கட்சிகளுக்கு வாக்குப் போட்டால் இப்படித்தான். எங்களை மாதிரி லிபரலுக்குப் போட்டிருந்தால் இந்தத் தலையிடி வந்திருக்காது.

துடைப்பக்காரன்:

எட்மன்ரன் தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவு கேர்டேக்கர் வேலை எனக்கு. 2022இல் ஃபோர்ட் கைவைத்த அந்த 55,000 பேரில் நானும் ஒருவன். ஆசிரியர்கள் இல்லை, நாங்கள் கியூபி யூனியன்: துப்புரவு, அலுவலகம், நூலகம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பார்க்கிற உதவியாளர்கள்.

சட்டமூலம் வந்தது ஹலோவீன் அன்று. அன்றிரவு தாழ்வாரம் முழுக்க மிட்டாய்த் தாள், சுவரில் ஒட்டின சிலந்தி வலை, செயற்கை இரத்தம் என்று ஏதோ சிவப்புப் பசை வேறு. அதைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஃபோனில் செய்தி வந்தது. வேலைநிறுத்தம் செய்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4,000 டொலர் வரை தண்டம். எங்கள் ஆட்களின் சராசரிச் சம்பளம் வருடத்துக்கு 39,000 என்று யூனியன் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து நாள் வெளியே நின்றால் வருடச் சம்பளம் சரி.

வியாழன் சட்டம் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை, நவம்பர் 4, நாங்கள் வெளியே போய்விட்டோம். பயமில்லை என்று சொன்னால் பொய். வீட்டில் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "மோர்ட்கேஜை யார் கட்டுறது?" ஒன்ராறியோ சட்டசபை இருக்கிற குயின்ஸ் பார்க்கில் எனக்குப் பக்கத்தில் நின்ற பிலிப்பினோ அம்மா சிறப்புப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர். முழங்கையில் கடித்த தழும்பு. ஜூன் தேர்தலில் ஃபோர்டுக்குத்தான் போட்டேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஃபோர்டை அசைத்தது எங்கள் கோஷம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே வருடம் அவருக்கு ஆதரவு கொடுத்த லியூனா மாதிரிக் கட்டடத் தொழிலாளர் சங்கமே எதிர்த்தது. தனியார் துறைச் சங்கங்களும் சேர்ந்து திங்கட்கிழமை பெரிதாக ஏதோ அறிவிக்கப்போகின்றன, மாகாணமே நிற்கப்போகிறது என்ற கதை சனி ஞாயிறு முழுக்க ஓடியது. திங்கள் காலை, அவர்கள் வாய் திறக்கும் முன்னமே, ஃபோர்ட் வந்து சட்டத்தை எடுக்கிறேன் என்றார். ஒரு கிழமையில் எல்லாக் கட்சியும் சேர்ந்து, அந்தச் சட்டம் ஒருபோதும் இருந்ததில்லை என்று கருதும்படி நீக்கினார்கள். கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது வருடத்துக்கு மணிக்கு ஒரு டொலர் கூடுதல். கேட்டபடி ஆட்களைக் கூட்டுவதில் ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. அதனால் பெரிய வெற்றி என்று மார் தட்ட ஒன்றுமில்லை. ஆனால் 33ஆம் பிரிவு தோற்றது.

அல்பேர்ட்டாவில் நிலைமை வேறு. ஆசிரியர்கள் ஏற்கெனவே மூன்று கிழமை வெளியே, ஸ்ட்ரைக் காசும் இல்லாமல். பெற்றோரும் களைத்துப் போனார்கள், நீங்களே சொல்கிறீர்கள். அந்தக் களைப்பு எப்போது வரும் என்று பார்த்திருந்துதான் முதல்வர் டானியல் ஸ்மித் அரசு ஒரே இருப்பில் எல்லா வாசிப்பையும் முடித்தது என்பது என் எண்ணம். ஆசிரியர் சங்கம் சட்டத்தை மதித்து உள்ளே போனது. மற்றச் சங்கங்கள் பொது வேலைநிறுத்தத்துக்குத் தயாராக நாள் எடுக்கும் என்றன. எங்களுக்கு அந்தத் தயார் மூன்று நாளில் வந்தது, உங்களுக்கு வரவில்லை. இந்தப் பிரிவுக்கு விலை வைப்பது வெளியே நிற்கிற ஆட்கள்தான். விலை குறைவு என்று கண்டதும் என்ன நடந்தது? டிசெம்பரில் திருநர் பிள்ளைகளைக் குறிவைத்த மூன்று சட்டங்களுக்கும் அதே 33.

இத்தனைக்கும் உங்கள் மாகாணத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1928 முதல் 1972 வரை அங்கே சட்டம் போட்டு ஆட்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அவர்கள் வழக்குப் போட்டபோது, 1998இல் அப்போதைய முதல்வர் ரால்ஃப் கிளைன் 33ஐப் போட்டு நட்டஈட்டை ஆளுக்கு 1,50,000 டொலருக்குள் அடக்கப் பார்த்தார். ஊர் கொதித்தது. அடுத்த நாளே சட்டமூலத்தை எடுத்துவிட்டார். அதே அல்பேர்ட்டா ஆட்கள்தான் கொதித்தவர்கள்.

ராஜன் அண்ணை, உங்களுக்கு ஒன்று. ஒட்டாவாவில் லிபரல் அரசுக்கு 33 தேவைப்படவில்லை. அவர்களிடம், வேலைநிறுத்தத்தை முடிக்க அமைச்சர் பாவிக்கிற தொழில் சட்டக்கோவையின் 107ஆம் பிரிவு இருக்கிறது. 2024இல் ரயில், துறைமுகங்கள், கனடா போஸ்ட் என்று வரிசையாக அதைப் பாவித்தார்கள். 2025 ஓகஸ்ட் 16 எயர் கனடா விமானப் பணியாளர்கள், பத்தாயிரம் பேருக்கு மேல், வேலைநிறுத்தம் தொடங்கி பன்னிரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, அமைச்சர் பட்டி ஹைடு அதே பிரிவை எடுத்துவிட்டார். பயணிகள் ஏறும்போது வேலை செய்கிற நேரத்துக்கும் சம்பளம் கொடு என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. விமானம் கதவு மூடும் வரை சும்மா வேலை செய்கிறார்கள் என்பதே நாட்டில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஸ்மித்தாவது சட்டசபையில் இரவிரவாகப் பேச்சு வாங்க வேண்டியிருந்தது. 107க்கு அதுகூட வேண்டாம், அமைச்சரின் கடிதம் போதும். அந்த விமானப் பணியாளர்கள் உத்தரவை மீறி நின்றார்கள், சில நாளில் கம்பனி மேசைக்கு வந்தது. அதனால் கன்சர்வேற்றிவ் நீலம் கெட்டது, லிபரல் சிவப்பு நல்லது என்ற கதையை என்னிடம் சொல்ல வேண்டாம்.

மிசிசாகா ராஜன்:

பிளேன் நின்றால் அகப்பட்டுக் கிடக்கிறவன் யார் துடைப்பம் அண்ணை? என் தங்கை குடும்பம் ஓகஸ்டில் ஹீத்ரோவில் கிடந்தது. 107 பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை.

பழைய கிளறிக்கல்:

இலங்கையில் 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன பல்லாயிரம் அரச ஊழியர்களை ஒரே அடியில் வீட்டுக்கு அனுப்பினார். என் அலுவலகத்திலும் மேசைகள் வெறுமையாகின. இங்கே தண்டம்தான், அங்கே வேலையே போனது. அதனால் ராஜன், அகப்பட்டுக் கிடக்கிறது யார் என்று கேட்டால் எனக்கு நீளமான பட்டியல் இருக்கிறது. துடைப்பம் சொல்வது சரி.

எட்மன்ரன் அப்பா:

நன்றி அண்ணை, நிலா தங்கச்சி. கல்வி அமைச்சர் நிகோலைடஸைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க, அவரின் தொகுதியான கல்கரி-போவில் 2025 கடைசியில் கையெழுத்து வாங்கினார்கள் என்று பார்த்தேன். 90 நாளில் 16,006 வேண்டியிருந்ததாம். நான் அந்தத் தொகுதி இல்லை. எட்மன்ரனில் இருந்து நான் என்ன செய்யலாம்?

துடைப்பக்காரன்:

உங்கள் சட்டசபை உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள், ஆனால் 33 பற்றி எழுதாதீர்கள், அதற்கு அவர்களிடம் அச்சடித்த பதில் இருக்கும். வகுப்பறையில் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுப்பதை அந்த அரசு 2019இல் நிறுத்தியது. ஸ்ட்ரைக்குக்குப் பிறகுதான் பள்ளிச் சபைகளிடம் திரும்பக் கேட்டார்கள். ஆசிரியர்கள் ஒன்றும் பெறவில்லை என்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். உங்கள் மகளின் பள்ளிக்கூடத்துக்கு என்ன எண் போயிருக்கிறது, அந்த அறைக்கு 34 என்று பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மகளின் ரீச்சரின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். பதில் வந்தால் இங்கே போடுங்கள்.