புதுப்பிப்பு: பழைய பேக்கப் மென்பொருள் புதிய மடிக்கணினியில் பூட் ஆகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழைய பேக்கப் மென்பொருளின் மீட்பு யுஎஸ்பி, யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கணினியைத் துவக்கும் முறை) மட்டுமே உள்ள புதிய மடிக்கணினியில் பூட் ஆகவில்லை என்று கேட்டிருந்தேன்.

64-பிட் வின்பிஇ-யில் (WinPE, மீட்பு வேலைகளுக்கான சிறிய விண்டோஸ்) புதிதாக ஒரு மீட்பு யுஎஸ்பி உருவாக்கி, பென்டிரைவை ஃபேட்32 (FAT32) வடிவில் வைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் உள்ளவற்றை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) அணைக்கவே தேவைப்படவில்லை. பேக்கப் மென்பொருளும் 64-பிட்டாக இருக்க வேண்டும். 64-பிட் வின்பிஇ-யில் 32-பிட் நிரல்கள் ஓடாது.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது: பூட் ஆனது சரி, உள்ளே எஸ்எஸ்டியையே காணோம்! காரணம், இன்டெல் விஎம்டி (VMD, எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி; இதற்குத் தனி டிரைவர் வேண்டும்). அதன் டிரைவரின் ஐஎன்எஃப் (.inf) கோப்பை டிரைவ்லோட் (drvload) கட்டளையால் ஏற்றியதும் வட்டு தெரிந்தது. பயாஸ் (யுஇஎஃப்ஐ) அமைப்புகளில் விஎம்டியை அணைப்பதும் ஒரு வழிதான், ஆனால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம் என்பதால் அதைத் தொடவில்லை. பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) போட்டிருந்தால் மீட்புச் சாவியை முன்பே எடுத்து வையுங்கள்.