புழல், செம்பரம்பாக்கம்: பட்டை இரண்டு மடங்கு உயரம் என்றால் தண்ணீரும் இரண்டு மடங்கா?

மாம்பலம்_அப்பா:
ஏழாம் வகுப்புப் பயிற்சித்தாளில் ஒரு பட்டை விளக்கப்படம். இரண்டே பட்டைகள்தான்: புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில். செங்குத்து அச்சு 3000-இல் தொடங்கி 3700 வரை போகிறது. செம்பரம்பாக்கம் பட்டை புழல் பட்டையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம். விடைக்குறிப்பிலோ ‘சுமார் 10 சதவீதம் அதிகம்’ என்று இருக்கிறது. எது சரி? பையனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கணக்குப்பலகை:
விடைக்குறிப்புதான் சரி சார். புழல் 3300, செம்பரம்பாக்கம் 3645. அச்சு 3000-இல் தொடங்குவதால் இரண்டு பட்டைக்கும் அடியில் 3000 வெட்டுப்பட்டுப் போயிற்று. கண்ணுக்குத் தெரிவது 300-ம் 645-ம் மட்டும், அதனால்தான் 2.15 மடங்கு போலத் தோன்றுகிறது. உண்மை வித்தியாசம் 345. அதை 3300-ஆல் வகுத்தால் 10.5 சதவீதம்.

பட்டைப் படத்தில் நீளம்தான் அளவு. அடி பூஜ்யத்தில் இல்லையென்றால் ‘எத்தனை மடங்கு’ என்ற கேள்வியைப் படத்தைப் பார்த்துக் கேட்கவே கூடாது, ‘எவ்வளவு கூடுதல்’ என்று மட்டும் கேட்கலாம். கழித்தால் அந்த 3000 அடிபட்டுவிடும், வகுத்தால் அடிபடாது. பூஜ்யத்தில் தொடங்காத அச்சின் அடியில் ஒரு நெளிகோடு போடுவது முறை. பல பயிற்சித்தாள்களில் அதைக்கூட விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, ‘செம்பரம்பாக்கம் புழலைவிட எத்தனை சதவீதம் அதிகம்’ என்றால் 3300-ஆல் வகுக்க வேண்டும். ‘புழல் செம்பரம்பாக்கத்தைவிட எத்தனை சதவீதம் குறைவு’ என்றால் 3645-ஆல் வகுக்க வேண்டும், விடை 9.5. ‘விட’ எந்தப் பெயரோடு ஒட்டியிருக்கிறதோ அதுவே வகுக்கும் எண்.

மாம்பலம்_அப்பா:
நன்றி சார். ஆனால் பட்டையின் தலையைப் பார்த்து 3645 என்று எப்படித் துல்லியமாகப் படிப்பது?

வரைபடத்தாள்:
படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். பையனையே பூஜ்யத்திலிருந்து மறுபடி வரையச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் தாளில் 1 செ.மீ = 500 என்று அளவுத்திட்டம் எடுத்தால் ஒரு சின்னக் கட்டம் 50. புழல் 6.6 செ.மீ, செம்பரம்பாக்கம் 7.29, அதாவது கிட்டத்தட்ட 7.3 செ.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம் என்று அவனே பார்த்துவிடுவான். திரும்பப் படிக்கும்போது 3650 வரும். அரைக் கட்டம், அதாவது 25 வரை முன்னே பின்னே இருப்பது சகஜம், ‘சுமார் 3650’ என்று எழுதினால் போதும்.

பட்டைகளின் அகலம் சமமாக இருக்கட்டும். ஒன்றைத் தடிமனாகப் போட்டால் கண் பரப்பைப் பார்த்து ஏமாறும். ஸ்கேலைப் பட்டையின் தலையில் கிடையாக வைத்து அச்சு வரை கொண்டுபோய்ப் படிக்கணும். கண்ணால் இழுத்தால் ஒரு கட்டம் தப்பும்.

ஏரிக்கணக்கு:
வெயில் காலத்தில் வரும் ஏரி நிலவரப் படங்களில் வேறு ஒரு பொறி உண்டு. அச்சில் சதவீதமா, மில்லியன் கன அடியா என்று முதலில் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, சோழவரம் 90 சதவீதம், புழல் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சோழவரம் பட்டை ஓங்கி நிற்கும். ஆனால் சோழவரத்தின் முழுக் கொள்ளளவே 1081தான், 90 சதவீதம் என்றால் சுமார் 973. புழலின் 40 சதவீதம் 1320. குட்டைப் பட்டையில்தான் தண்ணீர் அதிகம்!

அடிக்கணக்கில் போட்ட பட்டை இதைவிட மோசம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 12 அடி நின்றால் பாதி ஏரி என்று நினைக்காதீர்கள். மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால் பாதிக்கும் கீழேதான் இருக்கும்.