பொது நகவெட்டியில் உங்களுக்கு என்ன நடந்தது?

துவாஸ்பட்டறை

சிங்கப்பூரில் பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் இடத்தில் வேலை. தொழிலாளர் தங்குவிடுதி, முதியோரைப் பராமரிக்கும் தாதிமை இல்லம் மாதிரி பலர் ஒரே நகவெட்டியை எடுக்கிற இடங்களுக்காக, ஒருவர் வெட்டியதும் தூக்கிப்போடுகிற நகவெட்டி செய்து பார்க்கிறோம். மாதிரிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிப் பக்கம் ஒரு விடுதிக்குப் போனேன். அவர்களுடைய நகவெட்டி கதவோரம் ஆணியில் நைலான் கயிற்றில் தொங்குகிறது, தொலையாமல் இருக்க. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் என் மாதிரியை வாங்கிக் கால் பெருவிரலில் வைத்து அழுத்தினார். நகம் வெட்டுப்படவில்லை, பிடிதான் வளைந்தது. இன்னொரு அழுத்து அழுத்தியதும் பட்டென்று ஒடிந்து, துண்டு பறந்துபோய்ப் பக்கத்துக் கட்டில்காரர் சோற்றுத் தட்டில் விழுந்தது. புதுக்கோட்டைக்காரர் எழுந்துபோய்க் கயிற்று நகவெட்டியை எடுத்து, பனியனில் ஒரு துடை துடைத்து, நறுக் நறுக்கென்று எல்லா விரலையும் முடித்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு "இதுதான் தம்பி வெட்டுது" என்றார். நான் பைநிறையக் கொண்டுபோன சுகாதாரம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போச்சு. உங்கள் அனுபவம் எதுவானாலும் எழுதுங்கள்.

பூட்ஸ்கால்

தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவ சேவை. எந்த முகாம் என்று வேண்டாம். ஸ்டேண்ட்-பை பெட் என்கிற கட்டிலோரப் பரிசோதனைக்கு முந்தைய இரவு, நகம் பார்ப்பார்கள் என்று நாங்கள் படுக்கிற பங்க் அறை முழுக்க ஒரே நகவெட்டி கட்டில் கட்டிலாகச் சுற்றுகிறது. எனக்கு முன்னால் இருந்தவனுக்குப் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, வெட்ட வெட்ட மாவு மாதிரி உதிர்கிறது. கொடுத்தான். இரண்டு பற்களுக்கு நடுவே அந்த வெள்ளைத் தூள் அப்படியே ஒட்டியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவன் நல்ல பையன், ரூட் மார்ச்சில் என் பையைத் தூக்கினவன். வாங்கி, வெட்டுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு, விளக்கணைத்த பிறகு கைநகத்தைப் பல்லால் கடித்து முடித்தேன். கால் நகம் அப்படியே இருந்தது, மறுநாள் யாரும் பார்க்கவே இல்லை.

எனக்கும் பிறகு நகத்தில் பூஞ்சை வந்தது. நகவெட்டியால் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், நாள் முழுக்க ஈர பூட்ஸில் கால் கிடந்தால் யாருக்கும் வரும். ஆனால் கால் நகம் முழுசாகப் புதிதாக வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவரை செருப்புப் போடவே கூச்சம்.

தாதிஅக்கா

பூட்ஸ்கால் தம்பி, பூஞ்சை அசிங்கம்தான், ஆனால் எங்களுக்குப் பயம் அதில் இல்லை. பயம் ரத்தத்தில். நகவெட்டி ஓரத்தோலைக் கொஞ்சம் கிள்ளினால் போதும், கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் பல்லிடுக்கில் தங்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். இங்கே பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் அந்தத் தடுப்பூசி 1987இல்தான் ஆரம்பித்தது, எங்கள் இல்லத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் அதற்கு எத்தனையோ காலம் முன்னால் பிறந்தவர்கள். ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசியே கிடையாது.

நான் சொல்ல வந்தது வேறு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆளுக்கொரு நகவெட்டி, பெயர் எழுதி பிளாஸ்டர் ஒட்டி ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். ஈரம் பட்டுப் பட்டு எழுத்து அழிந்துவிடும். ஒரு நாள் புதுசாக வந்த பெண் கைக்கு வந்ததை எடுத்து ஒரு பாட்டிக்கு வெட்டப் போனாள். பாட்டி கையை இழுத்துக்கொண்டார், பேச்சு அதிகம் வராதவர். தலையணை உறைக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் சுற்றின தன்னுடைய நகவெட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். டின்னில் அவர் பெயர் போட்டது யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: மேலே துடைக்கலாம், ஆணி அடித்த மூட்டுக்குள்ளும் இரண்டு தகடு சேரும் சந்திலும் பஞ்சு போகாது. அழுக்கைத் தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவ் என்கிற அழுத்த நீராவிப் பெட்டியில் 121 டிகிரியில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். மட்டமான நகவெட்டி நாலு சுற்றில் துருப்பிடித்துவிடும்.

பீஷான்மாமா

ஒரு நகக் கடையில் கிருமி கொல்லும் நீல விளக்குப் (புற ஊதா) பெட்டியிலிருந்து நகவெட்டியை எடுத்தார்கள், அதில் முன்னால் போனவருடைய நகத்துண்டு இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். அந்த விளக்கு வெளிச்சம் படுகிற பக்கத்தில் மட்டும்தான் கிருமியைக் கொல்லும், நிழல் விழுகிற இடத்தில் ஒன்றும் செய்யாது.

சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. குளித்த பிறகு நகம் மெத்தென்று இருக்கும்போது வெட்டுங்கள். நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள், தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். ஒட்ட வெட்ட வேண்டாம், மிச்சத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்து தினமும் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் வெட்டுப்பட்டாலும் வலிக்காது, வலிக்காததுதான் ஆபத்து. கண் மங்கினவர்கள் தாங்களே வெட்ட வேண்டாம், பலதுறை மருந்தகத்தில் பாத சிகிச்சை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள், ஆனால் இடுக்கில் கிரீம் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை வெட்டக் கூடாது, இரவில் வெட்டக் கூடாது என்று என் மனைவி இன்னும் திட்டுவார், இரவில் வெட்டாததில் நியாயம் இருக்கிறது, வெளிச்சம் போதாது. வெள்ளிக்கிழமைக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

செமக்காவ்கவலை

மாமா, இங்கே யாரும் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. துவாஸ்பட்டறை, ஒரு கேள்வி. இரண்டு வெள்ளிக்கு இரும்பு நகவெட்டி கிடைக்கிறது, ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தால் பல வருஷம் வரும். அதை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கும் இரும்பும் கலந்த ஒன்றைத் தயாரித்து, ஒரு தடவைக்கப்புறம் எரித்து, சாம்பலைப் படகில் ஏற்றி செமக்காவ் குப்பைத் தீவுக்கு அனுப்புவதா? அதுவே 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். என் அனுபவம் என்றால், அலுவலக மேசை டிராயரில் ஒரு பொது நகவெட்டி இருந்தது, நான்தான் குப்பையில் போட்டேன். யாரும் தேடவில்லை.

செராங்கூன்ரோடு

ஆளுக்கொன்று கொடுத்தால் என்ன ஆகும் என்று அக்காவின் பிஸ்கட் டின்னே சொல்லிவிட்டதே. விடுதியில் இடம் மாறுகிறவனிடம் நகவெட்டியா பத்திரமாக இருக்கும்?

நான் லிட்டில் இந்தியாவில் முடி வெட்டுகிற கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். கிருதா எடுக்கும் முன்னால் அண்ணன் புது பிளேடை உறையோடு என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, உறையோடே இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகினார். டக் என்று ஒரு சத்தம். முடிந்ததும் அந்தப் பாதி டப்பாவுக்குள் போனது. ஒருநாள் கூட்டம் அதிகம், எப்போது மாற்றினார் என்று நான் பார்க்கவில்லை. மாற்றித்தான் இருப்பார், ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை கழுத்து அரித்துக்கொண்டே இருந்தது. தம்பி, பிடியை விட்டுவிடுங்கள், பிடி உலோகத்தில் ஒன்று போதும். நகத்தைத் தொடுகிற பல் மட்டும் மாறட்டும், உறையைக் கிழிப்பதை வெட்டிக்கொள்கிறவர் பார்க்கட்டும்.

துவாஸ்பட்டறை

அண்ணே, பல் மட்டும் மாற்றுவது எங்கள் பலகையிலும் இருக்கிறது, கடினப்படுத்திய துருப்பிடிக்காத எஃகுத் தகடு, 420 ரகம், மெல்லிசாக. குப்பையும் குறையும். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். தடுப்பூசிக்கு ஒரு வகை ஊசி இருக்கிறது, ஒரு தடவை அழுத்தினதும் தானே பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. அதே மாதிரி செய்யலாம் என்றால், ஊசிக்கு ஒரே அழுத்து, நகத்துக்கு இருபது விரல், பெருவிரலுக்கு மட்டும் நாலைந்து அழுத்து. ஒருவர் முடித்துவிட்டார், அடுத்தவர் ஆரம்பிக்கிறார் என்று நகவெட்டிக்கு எப்படித் தெரியும்? சீக்கிரம் மழுங்குகிற பல் வைக்கலாம் என்றான் கூட்டாளி. மழுங்கின பல் நகத்தை வெட்டாது, பிளக்கும். இப்போது யோசிப்பது, பல்லைப் பிடியிலிருந்து கழற்ற வேண்டுமானால் அதை ஒடித்தால்தான் வரும் என்கிற மாதிரி.

தாதிஅக்கா

பிடி பொதுவாக இருந்தால் அதையும் நான்தானே கழுவணும்? அதில் சந்து, ஆணி எதுவும் வேண்டாம், ஒரே வார்ப்பாக வழவழவென்று கொடுங்கள். ஒடிக்கிறபோது துண்டு தெறிக்கக் கூடாது, எங்களிடம் சோற்றுத் தட்டு நிறைய இருக்கிறது. மாதிரி தயாரானால் தனிமடலில் சொல்லுங்கள், மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன். முதலில் என் கால் விரலிலேயே வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிகளுக்கு.