ஐடி கார்டின் நிறம்: டெக் உலகில் பந்தா உண்டா, இல்லையா?

டெர்மினல்தாசன்:
பந்தா இல்லாத தொழிலைக் காட்டு என்றால் நான் எங்கள் தொழிலைத்தான் காட்டுவேன். அரசு அலுவலகத்தில் ஆளைப் பார்க்கும் முன்பே நாற்காலியைப் பார்த்துப் பதவியைச் சொல்லிவிடலாம். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு கிடந்தால் இன்னும் சுலபம். அமெரிக்காவில் டெக் கம்பெனிகள் குவிந்திருக்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இதையெல்லாம் எப்போதோ உடைத்துவிட்டார்கள். சிப் தயாரிக்கும் இன்டெலை நடத்திய ஆண்டி குரோவ் கடைசிவரை 8க்கு 9 அடித் தடுப்புக்குள் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். 2012இல் ஃபேஸ்புக் பங்கு வெளியீட்டுக்காக முதலீட்டாளர்களைப் பார்க்கப் போன மார்க் சக்கர்பெர்க் ஹூடியோடு போனார். முதலாளி யார், நேற்றுச் சேர்ந்த பையன் யார் என்று உடையை வைத்துச் சொல்ல முடியாத இடத்தில் அந்தஸ்துச் சின்னம் எங்கிருந்து வரும்?

சோழிங்கநல்லூர் சிக்னல்:
அதே ஹூடியோடு ஒரு ஃப்ரெஷர் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகட்டும், பார்க்கலாம். எதை வேண்டுமானாலும் போடலாம் என்ற உரிமை எல்லாருக்கும் இல்லை, தாசன் சார். உங்கள் சக்கர்பெர்க்கே 2025 ஜனவரியில் வெளியிட்ட வீடியோவில் சுமார் 9 லட்சம் டாலர் மதிப்புள்ள கைக்கடிகாரத்தோடு வந்தார். சட்டை என்னவோ சாதாரணச் சட்டைதான்!

உடையை விடுங்கள், கழுத்தைப் பாருங்கள். அமேசானில் புதிதாகச் சேர்ந்தவருக்கு நீல அட்டை. 5 ஆண்டு ஆனால் மஞ்சள், 10க்குச் சிவப்பு, அதற்கு மேலும் நிறம் மாறும். மைக்ரோசாஃப்டில் நிரந்தர ஊழியருக்கு நீலம், ஒப்பந்தத்தில் வந்தவருக்கு ஆரஞ்சு என்றிருந்தது. அவருடைய மின்னஞ்சல் முகவரியும் ‘வி’ போட்டுத்தான் தொடங்கும். கூகுளில் நிரந்தர ஊழியருக்கு வெள்ளை அட்டை, மற்றவருக்குச் சிவப்பு அட்டை. 2019 மார்ச் கணக்குப்படி அங்கே நிரந்தர ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர், தற்காலிக, ஒப்பந்த ஆட்கள் சுமார் 1,21,000 பேர் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆக, கட்டடத்தில் பாதிக்கு மேல் வேறு நிறம். துண்டு போட்ட நாற்காலியாவது அறைக்குள் கிடக்கும். இதை மாட்டிக்கொண்டு கேன்டீனுக்கும் போக வேண்டும்.

டெர்மினல்தாசன்:
நிறம் நீடித்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டில் ஆண்டுக்கணக்கில் தற்காலிகம் என்ற பெயரில் வேலை பார்த்தவர்கள், நாங்களும் ஊழியர்கள்தான், எங்களுக்கும் பங்குத் திட்டத்தில் இடம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2000இல் கம்பெனி சுமார் 9.7 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. தற்காலிக ஆட்கள் 12 மாதம் வேலை செய்தால் 100 நாள் வெளியே இருக்க வேண்டும் என்ற விதியும் அந்தச் சமயத்தில் வந்ததுதான். கோர்ட்டில் ‘இவர் எங்கள் ஊழியர் அல்ல’ என்று நிரூபிக்க வேண்டியிருந்தால் எந்தக் கம்பெனியும் ஆளைத் தனியாக அடையாளம் காட்டத்தான் செய்யும். அது வக்கீல் பயம். அதைப் போய்ப் பந்தா என்கிறீர்களே.

பச்சை டேக்:
வக்கீல் பயமோ என்னவோ, மாட்டிக்கொண்டு திரிகிறவன் நான் என்பதால் சொல்கிறேன். சென்னையில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் வெண்டர் வழியாக உள்ளே போயிருந்தேன். எங்களுக்குப் பச்சை டேக். பேமென்ட் மாட்யூலில் பாதியை எழுதியது நானும் இன்னொரு பச்சை டேக்கும். ரிலீஸ் முடிந்ததும் டீமுக்கு டி-ஷர்ட் கொடுத்தார்கள். மேனேஜர் நல்ல மனிதர்தான். வந்து தோளைத் தட்டிவிட்டு, “வெண்டர்களுக்கு பாலிசி இல்லப்பா” என்றார். இருநூறு ரூபாய்கூடப் பெறாத துணி அது. ஆனால் மறுநாள் டீமே அதைப் போட்டுக்கொண்டு வந்து போட்டோ எடுத்தபோது கேமராவைப் பிடித்தது நான்.

அப்புறம் கல்யாணச் சந்தை. முன்பெல்லாம் பெண் வீட்டில் “ஆன்சைட் போயிருக்காரா?” என்பதோடு விட்டுவிடுவார்கள். இப்போது புரோக்கரே தெளிவாகிவிட்டார். “தம்பி, கம்பெனி பே-ரோலா, இல்ல கான்ட்ராக்டா?”

பழைய மானிட்டர்:
இந்தத் தொழிலிலும் உருப்படியான பெருமை ஒன்று உண்டு. கணினி அறிவியல் அறிஞர் டொனால்ட் கனூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலருக்குச் செக் அனுப்புவார். கணினிக்காரர்கள் பத்துக்குப் பதில் பதினாறை வைத்து எண்ணும் பதினாறடிமானக் கணக்கில் 256ஐ 100 என்றுதான் எழுதுவார்கள், ஆக 256 சென்ட் அவருக்கு ஒரு டாலர். வாங்கியவர்களில் பலர் அதைப் பணமாக்காமல் ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். மோசடி பயத்தால் 2008இல் செக்கை நிறுத்தி, இல்லாத ஒரு வங்கியின் பெயரில் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார். அதற்கும் மவுசு குறையவில்லை. காசு கொடுத்தோ சிபாரிசிலோ வாங்க முடியாது.

சோழிங்கநல்லூர் சிக்னல்:
அழகான விஷயம் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேருக்கு அது எட்டும்? பெரும்பாலானவர்கள் ஆசைப்படுவது நம்பருக்கும் நிறத்துக்கும்தான். ஆப்பிளில் ஊழியர் எண் 1 கூட்டாளி வோஸ்னியாக்குக்குப் போய்விட்டது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சண்டை பிடித்து 0 என்ற எண்ணைக் கேட்டு வாங்கினார். சம்பளம் போடும் வங்கி 0ஐ ஏற்காததால் அந்தக் கணக்கில் மட்டும் 2. நிறுவியவருக்கே இந்தப் பாடு என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டுமா?

டெர்மினல்தாசன்:
ஜாப்ஸ் ஒரு தனிப் பிறவி, அவரை வைத்துத் தொழிலை எடைபோட வேண்டாம். பச்சை டேக், உங்களிடமே கேட்கிறேன். நாளைக்கே எல்லாருக்கும் ஒரே நிறம் என்றால் உங்களுக்குத் திருப்தியா?

பச்சை டேக்:
இல்லை சார். பச்சையே இருக்கட்டும். மெடிக்கல் இன்சூரன்ஸில் அப்பா அம்மாவைச் சேர்க்கச் சொல்லுங்கள். கான்ட்ராக்ட் நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதைக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் ஒரு மாதம் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். டி-ஷர்ட்டை நானே தி.நகரில் வாங்கிக்கொள்கிறேன்.

டெர்மினல்தாசன்:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது சம்பளமும் சலுகையும். சின்னம் பற்றி நான் சொன்னதை இது தொடவில்லை.

சோழிங்கநல்லூர் சிக்னல்:
சரிதான். உங்கள் டேக் என்ன நிறம் சார்?

டெர்மினல்தாசன்:
நீலம். அதற்கென்ன இப்போது?