ஓடி (ஓவர்டைம்) காசு பாக்கி: லாயர் செலவை முதலாளிகிட்ட வாங்க முடியுமா?

பெஞ்சூரு தம்பி:
வணக்கம் அண்ணே. இங்க சிங்கப்பூர்ல கட்டட வேலையில ஊர்ப் பசங்க ஒரு பத்துப் பதினஞ்சு பேர் இருக்கோம். ஐபிஏ-ல (வேலை அனுமதிக்கு முன்னாடி வர்ற ஒப்புதல் கடிதம்) அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. ஓடிக்கு மணிக்கு 3.50 தான் போடுறாங்க. அமெரிக்காவுல இருக்கற சொந்தக்காரர், "சேர்ந்து கேஸ் போடுங்க, ஜெயிச்சா லாயர் ஃபீஸையும் முதலாளிதான் கட்டணும்"ங்கறார். இங்கேயும் அப்படியா? தலைக்கு 300 வெள்ளி லாயருக்குக் கட்டலாம்னு பேச்சு ஓடுது.

ஜூரோங் அண்ணன்:
தம்பி, காசைக் கட்டிடாதீங்க. அவர் சொல்றது 1938-ல வந்த அமெரிக்கச் சட்டம், அங்க அது சரி. இங்க சம்பள பாக்கின்னா முதல்ல டாடம்-ல (வேலைத் தகராறைப் பேசித் தீர்க்கற அமைப்பு, TADM) சமரசப் பேச்சு. ஒத்து வரலேன்னா ஈசிடி (ECT), அதாவது சம்பளக் கோரிக்கையை விசாரிக்கற நடுவர் மன்றம், 2017-ல ஆரம்பிச்சது. அங்க ரெண்டு பக்கமும் லாயர் வாதாட முடியாது. அப்புறம் எந்த ஃபீஸை முதலாளிகிட்ட கேப்பீங்க?

உங்க கணக்கைப் பாருங்க. 800-ஐ 12-ஆல பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணின்னு வகுத்தா மணிக்கு 4.20 வெள்ளி கிட்ட வரும். ஓடி ஒன்றரை மடங்கு, அதாவது 6.29. மணிக்கு மணி 2.79 உங்க வயித்துல அடிச்சிருக்காங்க! இதை ஆளாளுக்குத் தனித்தனியா எழுதி மனு போடுங்க.

துவாஸ் அக்கா:
சிவில் கோர்ட்டுல ஒரே குறை உள்ளவங்க சார்பா ஒருத்தர் வழக்குப் போட வழி இருக்கு. ஆனா ஜெயிச்சாலும் செலவு முழுசாத் திரும்பி வராது. தோத்தா எதிராளி செலவும் உங்க தலையில விழலாம். இந்தத் தொகைக்கு அது வேண்டாம்ப்பா.

பெஞ்சூரு தம்பி:
நன்றி அண்ணே, அக்கா. டைம் கார்டு கம்பெனிகிட்ட இருக்கு. ரெண்டு பேர் வேலையை விட்டும் போயிட்டாங்க. அவங்களும் போடலாமா?

ஜூரோங் அண்ணன்:
போடலாம், கடைசி வேலை நாள்லேர்ந்து 6 மாசத்துக்குள்ள. வேலையில இருக்கறவங்களுக்கு 1 வருஷம். அதனால மாசம் கழியக் கழிய பழைய பாக்கி கைவிட்டுப் போகுது, இதுதான் எனக்குப் பதைக்குது. சமரசம் முறிஞ்சு டாடம் சான்றிதழ் கொடுத்தா, 4 வாரத்துக்குள்ள ஈசிடி-ல பதிஞ்சிடணும்.

டைம் கார்டு இல்லேன்னா சூப்பர்வைசர் வாட்ஸ்அப்ல போட்ட வேலை நேரம், லாரி ஏறின நேரம், பேங்க்ல விழுந்த சம்பளம் எல்லாத்தையும் போன்ல சேர்த்து வைங்க. பே ஸ்லிப் கொடுக்கறது 2016-லேர்ந்து கட்டாயம். கொடுக்கலேன்னா அதையும் மனுவோட சொல்லுங்க. வெத்துத் தாள்ல கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க.