கரி எரிந்தால் சிஓ₂-வா, சிஓ-வா? இரண்டுமே சமனாகிறதே

கோத்தகிரி டீக்கடை:
வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. நேற்று ராத்திரி நல்ல உறைபனி. நெருப்புச் சட்டியில் கரியைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், அவள் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். (என் போனில் தமிழ் எழுத்துதான், பொறுத்துக்கொள்ளுங்கள். சி என்றால் கார்பன், ஓ என்றால் ஆக்சிஜன்.)

சி + ஓ₂ → சிஓ₂
2சி + ஓ₂ → 2சிஓ

எண்ணிப் பார்த்தால் இரண்டுமே கல்லாக் கணக்கு மாதிரி சரியாக வருகிறது. "அப்பா, இந்தச் சட்டியில் நடப்பது எது?" என்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவன். சமனானால் அதுதான் நடக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்?

கொடைக்கானல் வாத்தியார் (ஓய்வு):
இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்ட பிள்ளைகள் நாலைந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். சமன்பாடு வெறும் வரவு செலவு, எத்தனை அணு போனதோ அத்தனை வந்ததா என்று மட்டும் பார்க்கும். எது நடக்கும் என்பது காற்றின் கையில். 12 கிராம் கார்பனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் கிடைத்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு (சிஓ₂). 16 கிராம்தான் கிடைத்தால் 28 கிராம் கார்பன் மோனாக்சைடு (சிஓ).

உங்கள் சட்டியில் இரண்டும் உண்டு. அடியில், காற்று படுகிற இடத்தில், முதலாவது. அந்த வாயு மேலே ஏறும்போது செந்தணலில் பட்டு சிஓ₂ + சி → 2சிஓ. மேலே வந்து காற்று கிடைத்தால் மறுபடி எரியும், 2சிஓ + ஓ₂ → 2சிஓ₂. தணல்மேல் நீலமாக ஒரு சுடர் ஓடுமே, அதுதான்.

எரியாமல் தப்பிய சிஓ அறைக்குள் தங்கும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் திறந்திருந்ததா?

கோத்தகிரி டீக்கடை:
சாத்தித்தான் இருந்தது சார். கதவிடுக்கில் சாக்கு வேறு. வீட்டுக்காரிக்குத் தலைவலி வந்தது, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டேன்.

ஊட்டி காட்டேஜ்:
அண்ணா, தைலம் இதற்குக் கேட்காது, உடனே வெளியே வந்துவிட வேண்டும். நான் காட்டேஜ் பார்த்துக்கொள்கிறேன். பார்பிக்யூ முடிந்ததும் "தீ அணைந்துவிட்டதே" என்று அடுப்பை ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போவார்கள். சண்டை போட்டுத்தான் வாங்கி வெளியே வைப்பேன்.

கொடைக்கானல் வாத்தியார் (ஓய்வு):
நல்ல காரியம். சாம்பல் மூடிய தணலும் சிஓ விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

கோத்தகிரி டீக்கடை:
சட்டி இப்போது வாசலில். ஆனால் மகள் விடவில்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்தாளாம், விடை இரண்டு வருகிறது:

3சி + 2ஓ₂ → சிஓ₂ + 2சிஓ
4சி + 3ஓ₂ → 2சிஓ₂ + 2சிஓ

எங்கே தப்பு?

கொடைக்கானல் வாத்தியார் (ஓய்வு):
தப்பே இல்லை. முதல் வரியில் இரண்டு வினைகளையும் ஒன்றுக்கு ஒன்றாகக் கூட்டியிருக்கிறாள். அடுத்ததில் முதல் வினையை இரண்டு தடவை, இரண்டாவதை ஒரு தடவை. இப்படி எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். பரீட்சையில் மட்டும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், திருத்துகிறவர் குழம்பிவிடுவார்.